ஐந்து ரோட்டின் ஆறாவது பாட்டு

அஸ்தம்பட்டி, சேலம்
5 அக்டோபர் 2025

மரியே வாழ்க.

அன்புத் தங்கை அக்சிலியாவுக்கு அண்ணன் சகாயராஜ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் ஞாபகம் வருகிறது, மற்ற நேரத்தில் இல்லை. அங்கே நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, மழைக்குச் சளி பிடித்ததா என்று கேட்கச் சொன்னாள். உங்கள் நவதுறவகத்தில் வருகிற கடிதத்தை முதலில் மதர் செல்வமேரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று தெரியும். மதர், உங்களுக்கும் என் வணக்கம். இதில் விவகாரம் ஒன்றும் இல்லை, பாட்டு விஷயம்தான்.

சேலத்திலிருந்து நாமக்கல் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு போன் பேச முடியாமல் தபாலில் எழுதுகிறோம். கன்னியாஸ்திரி ஆவதற்கு முந்தைய பயிற்சிக் காலம் அப்படித்தான் என்று நீயே சொல்லிவிட்டுப் போனாய். சரி, எழுதுகிறேன்.

நம் ஆல்பம் ஒரு வழியாக உருவத்துக்கு வந்துவிட்டது. பெயர் நீ வைத்ததுதான், ‘ஐந்து ரோடு’. பிரேசில் நாட்டு சம்பா, நம்ம ஊர்ப் பம்பை, கோயில் பாடகர் குழு, ரெகே, கல்யாண பேண்டு செட் கிளாரினெட், போதாக்குறைக்கு ராப். இத்தனையும் ஒரே சிக்னலில் வந்து நின்றால் முட்டிக்கொள்ளும் என்று நானே பயந்தேன். முட்டிக்கொள்ளவில்லை, ஒன்றுக்கொன்று வழி விட்டுப் போகிறது. நம்ம சேலத்து நிஜமான ஐந்து ரோடு சந்திப்பில் யாரும் அப்படி வழி விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

போன வருடம் பூபதி அண்ணன் பம்பை அடித்த வீடியோவை நான் இணையத்தில் போட்டபோது, அதன் மேலேயே தன் தாளத்தை வாசித்துத் திருப்பி அனுப்பினாளே ஒருத்தி, பிரேசிலில் ரெசிஃபே என்ற ஊர்க்காரி, லூசியா. நம்ம பங்குக் கோயிலில் மூன்று லூசியா இருக்கிறார்கள், இவள் நாலாவது என்று அம்மா சொல்வாள். அவள் ஊரில் ஒரு சின்ன கம்பெனி மார்ச் கடைசியில் இதை வெளியிடுகிறது. மொத்தம் எட்டுப் பாட்டு.

உன்னால் கேட்க முடியாது. அதனால் கடிதத்துக்கு ஒன்றிரண்டு பாட்டாக எழுதி அனுப்புகிறேன். கண்ணால் கேட்டுக்கொள்.

முதல் பாட்டு ‘முதல் பஸ்’. ஆரம்பத்தில் பம்பை மட்டும். அயோத்தியாப்பட்டணத்தில் பூபதி அண்ணன் மாரியம்மன் பண்டிகைக்கு அடிக்கிற அதே அடி: தும் தக தும் தக்கத் தக. நாலு சுற்று போன பிறகு லூசியாவின் பன்டெய்ரோ வருகிறது. அது கஞ்சிராவுக்கு அக்கா, சுற்றிலும் சிணுங்கும் தகடுகள். அவள் பம்பையின் மேல் ஏறி உட்காரவில்லை. அது விட்ட சந்தில் மட்டும் வாசிக்கிறாள்: தும் சிக்கு தக சிக்கு. பூபதி அண்ணன் ஹெட்போனில் கேட்டுவிட்டு, “இந்தப் புள்ளைக்கு நம்ம அடி எப்படிங்க தெரிஞ்சுது?” என்றார்.

நீ பாடிப் பதிவு செய்துவிட்டுப் போன ஆறாவது பாட்டு ‘தண்ணி வர்ற நாள்’ மட்டும் பாக்கி. பஸ் ஏறும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது: “அதுல என் குரல் வேண்டாம்ணா. வேற யாரையாவது பாட வெச்சுக்கோ.” நான் காரணம் கேட்கவில்லை. வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
சகாயராஜ்


நாமக்கல்
26 அக்டோபர் 2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அண்ணாவுக்கு அக்சிலியா எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். சளி பிடித்தது, போய்விட்டது. அம்மாவை மாடி ஏற விடாதே, துணி காயப்போடுவதை நீ செய்தால் கை தேய்ந்துவிடாது. இங்கே மதரும் மற்ற நவதுறவிகளும் சுகம், உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்.

உன் கடிதத்தால் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. ‘தும் சிக்கு தக சிக்கு’ என்ற வரியைச் சுற்றி மதர் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். கூப்பிட்டு, இது என்ன ரகசியப் பாஷை என்று கேட்டார். தாளம் என்றேன். நம்பாமல் பார்த்தார். வேறு வழியில்லாமல் அவர் மேசையிலேயே தட்டிக் காட்டினேன். வலது கையில் பூபதி அண்ணன், இடது கையில் லூசியா. மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இன்னொரு தடவை தட்டு” என்றார்.

எனக்கு இங்கே கொடுத்திருக்கும் வேலை கோழிக் கொட்டகை. நாமக்கல்லுக்கு வந்துவிட்டுக் கோழியிடமிருந்து தப்பிக்க முடியுமா? தீவன டப்பாவில் உன் தாளத்தைத் தட்டினால் எல்லாம் ஓடி வருகின்றன. சம்பா கேட்டு வருகின்றனவா, தீவனத்துக்கு வருகின்றனவா என்று நான் விசாரிக்கவில்லை. எதிரொலி வராமல் இருக்க நம் வீட்டு ரெக்கார்டிங் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் முட்டை அட்டைகளில் ஏதாவது கிழிந்திருந்தால் சொல், இங்கே நிறைய இருக்கிறது.

பாட்டை நீ எழுதியிருந்த விதம் ரொம்ப நன்றாக இருந்தது அண்ணா. படுக்கும்போதும் அந்தச் சந்தில் வருகிற ‘சிக்கு’ காதில் இருந்தது. அடுத்த பாட்டை எழுது.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
அக்சிலியா


சேலம்
23 நவம்பர் 2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்சிலியாவுக்கு, உன் கடிதம் கிடைத்து இங்கே எல்லோரும் சிரித்தோம். நாங்கள் சுகம். துணி இப்போது நான்தான் காயப்போடுகிறேன், கை தேயவில்லை. மதருக்கு என் வணக்கம். அவர் மேசையைத் தாள வாத்தியமாக்கியதற்கு மன்னிக்கவும்.

இரண்டாவது பாட்டு ‘ஈரடுக்குப் பாலம்’. ஐந்து ரோட்டுக்கு மேலே இருக்கிறதே, அதேதான். கீழ் அடுக்கில் ரெகே: கிட்டார் எப்போதும் அரை அடி தள்ளித் தள்ளியே விழும், நம்ம கீழ்ப் பாலத்தில் டிராபிக் நகர்கிற மாதிரி. மேல் அடுக்கில் நம் கோயில் பாடகர் குழு, நாலு குரலில், தடங்கல் இல்லாமல் ஒரே நீளமாக. பாட்டு முடிகிற வரைக்கும் இரண்டும் சந்திப்பதே இல்லை. கடைசியில் ஒரே ஒரு இடத்தில் இறங்கி ஒன்றாகும்போது மயிர்க்கூச்செறிகிறது. நான் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த இடத்தை யோசித்தவள் லூசியா.

மூன்றாவது ‘அடிவாரம்’. இது போசா நோவா. சம்பாவையே ரகசியம் பேசுகிற குரலில் வாசித்தால் எப்படி இருக்கும், அதுதான். ஏற்காடு ரோட்டில் காலையில் நீயும் நானும் நடப்போமே, பனி இறங்கி மலை பாதி தெரியும் பாதி தெரியாது. அந்தப் பாதி தெரியாததைக் கிட்டாரில் வாசித்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது, சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இல்லை.

பூபதி அண்ணன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டிங்குக்கு வந்தவர் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்காமல் நிற்கிறார். சூடம் ஏற்றாமல் அவர் பம்பையைத் தொடுவதில்லை. அதோடு, யாருக்காக அடிக்கிறோம் என்று தெரியாமல் அடித்தும் பழக்கமில்லை. பிரேசில் கம்பெனிக்காக என்றா சொல்வது? அம்மாதான் அடுப்படியிலிருந்து தீப்பெட்டியோடு வந்து, ஆரோக்கிய மாதாவுக்கு அடிங்க என்றாள். “அவுங்களும் அம்மாதானுங்களே” என்று சொல்லிச் சூடத்தை ஏற்றிவிட்டு ஆரம்பித்தார். முதல் டேக்கே சரியாக அமைந்துவிட்டது. சூடப் புகையில் மைக்குக்கு மேலே முட்டை அட்டை இன்னும் கருப்பாக இருக்கிறது. நாலைந்து அட்டை அனுப்பு.

அம்மா உன்னை ஸ்வெட்டர் போடச் சொன்னாள்.

அன்பு அண்ணன்,
சகாயராஜ்


நாமக்கல்
14 டிசம்பர் 2025

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் முன்கூட்டியே கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நான் சுகம். ஸ்வெட்டர் போடுகிறேன், ஆனால் நாமக்கல்லில் ஸ்வெட்டர் போடுகிற ஒரே ஆள் நான்தான் என்று அம்மாவிடம் சொல். இத்துடன் முட்டை அட்டை அனுப்ப மதர் அனுமதி தரவில்லை. தபாலில் அட்டை அனுப்புவது அசிங்கமாம்.

ஆனால் வேறொரு விஷயத்துக்கு அனுமதி தந்திருக்கிறார். உன் கடிதங்களை மாலை ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் நான் வாசித்துக் காட்டலாம். இதை அவரே சொன்னார் அண்ணா, நான் கேட்கவில்லை. ஈரடுக்குப் பாலம் வாசித்தபோது சமையல் சிஸ்டர் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். அந்தச் சந்திக்கிற இடம் எப்படி இருக்கும் என்று பாதி பேரைக் கீழே பாட வைத்து, பாதி பேரை மேலே பாட வைத்துப் பார்த்தோம். கேவலமாக இருந்தது. ஆனாலும் ஒரு நிமிஷம், கடைசியில், ஏதோ வந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் அண்ணன் செய்தது இது என்று சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் அதிகமாகவே. பெருமை பாவம் என்று மதர் ஞாபகப்படுத்தினார்.

அடிவாரம் பாட்டை மட்டும் நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது என்ன பாட்டு என்று போன வாரம் மதர் கேட்டார். “உங்க அண்ணன் ஏன் இவ்வளவு லேட் பண்றார்?” என்றும் கேட்டார்.

உன் தங்கை,
அக்சிலியா


சேலம்
11 ஜனவரி 2026

மரியே வாழ்க.

அன்புள்ள தங்கைக்கும் மதருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். நாங்கள் சுகம். லேட்டுக்கு மன்னிக்கவும் மதர், கிறிஸ்மஸ் பாடல் குழுவோடு அலைந்ததில் தொண்டை கட்டிவிட்டது, எழுதுகிற கைக்கும் தொண்டை கட்டியது போல.

நாலாவது பாட்டு ‘லோடு’. கோகுல்ராஜ் என்று நாமக்கல் லாரி பட்டறையில் வேலை செய்கிற ஒருவன் ராப் பாடியிருக்கிறான். மூச்சு விடாமல் பேசுவான். “ஏனுங்க லோடு ஏத்தியாச்சுங்களா, ஏத்துனது எங்க எறங்குமுங்க” என்று ‘ங்க’ போட்டே ராப் பாடுகிறவனை உலகத்தில் நீ பார்த்திருக்க மாட்டாய். இவ்வளவு மரியாதையான ராப் கிடையாது. பின்னால் ரெசிஃபே தெருக்களில் திருவிழாவுக்கு அடிக்கிற பெரிய முரசுகள். லூசியா அவன் பேச்சு ஒரு வார்த்தையும் புரியாமல், எங்கே ‘ங்க’ வருகிறதோ அங்கெல்லாம் ஒரு அடி சேர்த்திருக்கிறாள்.

ஐந்தாவது ‘மழைக்கு முன்’. பேண்டு செட் கிளாரினெட்டும் ஜாஸ் பியானோவும். கல்யாண ஊர்வலத்தில் கத்துகிற கிளாரினெட்டை மெதுவாக ஊதச் சொன்னால் இப்படி அழும் என்று எனக்குத் தெரியாது.

ஏழாவது ‘ஷிப்ட் முடிஞ்சுது’. பாதி சம்பா, பாதி நையாண்டி மேளம், முழுக்க ஆட்டம். இதைக் கேட்டுவிட்டு அம்மா முழங்காலை மறந்தாள். எட்டாவது ‘கடைசி பஸ்’, முதல் பாட்டின் அதே அடி, பாதி வேகத்தில், லூசியாவும் பூபதி அண்ணனும் மட்டும். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கேட்டால் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கிறது.

அவ்வளவுதான் பாட்டு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அண்ணன்,
சகாயராஜ்


நாமக்கல்
1 பிப்ரவரி 2026

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு அண்ணாவுக்கு, நலம். அம்மாவின் நலமும் உன் தொண்டையின் நலமும் அறிய ஆசை. இங்கே லோடு பாட்டுக்கு ஏகப்பட்ட கைதட்டல். இப்போது பாத்திரம் கழுவும்போதுகூட எல்லோரும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறார்கள்.

ஐந்திலிருந்து ஏழுக்குத் தாவிவிட்டாய். ஸ்டாப்பிங்கில் நிற்காமல் போகிற பஸ் மாதிரி. வாசித்துக் காட்டும்போது நான் கண்டுகொள்ளாமல் போகப் பார்த்தேன், மதர்தான் “ஆறாவது எங்கே?” என்று கேட்டார். அண்ணன் மறந்திருப்பார் என்றேன்.

யார் பாடுகிறார்கள் அதை? நல்ல குரலா? குழாயில் முதலில் காற்று வருகிற இடத்தில் மூச்சை மட்டும் விட வேண்டும், பாடக் கூடாது. அதை அவர்களிடம் சொன்னாயா?

(இதற்கு மேலே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். மதர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம், பாவம் ஒன்றும் இல்லை.)

சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை, தவக்காலம் முழுக்க எங்களுக்குக் கடிதம் கிடையாது. எழுதவும் மாட்டோம். வருவது மதரின் டிராயரில் இருக்கும், ஈஸ்டர் அன்றுதான் கைக்கு வரும். அதற்குள் எழுதினால் எழுது.

உன் தங்கை,
அக்சிலியா


சேலம்
14 பிப்ரவரி 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்சிலியாவுக்கு, நாங்கள் சுகம், உன் சுகம் அறிய ஆவல். அவசரமாக எழுதுகிறேன். வீடே ரெசிஃபே மாதிரி இருக்கிறது. அங்கே கார்னிவல். லூசியா தெருவில் நின்றுகொண்டு தாளம் தாளமாக அனுப்புகிறாள், நான் இங்கே அவள் ஊர் நேரத்துக்குத் தூங்கி எழுந்து அதையெல்லாம் கோத்துக்கொண்டிருக்கிறேன். கார்னிவல் முடிந்ததும் உட்கார்ந்து எல்லாப் பாட்டையும் முடித்துவிடலாம் என்கிறாள். மார்ச் நடுவில் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது பாட்டை நான் மறக்கவில்லை. எழுத வரவில்லை.

மூன்று பேரைப் பாட வைத்தேன். ஃபேர்லேண்ட்ஸில் பாட்டு கிளாஸ் எடுக்கிற சத்யபிரியா உன்னைவிட நன்றாகப் பாடினார், சுருதி அப்படி நிற்கிறது. ஆனால் அவர் பாடினால் தண்ணீர் நிஜமாகவே வந்துவிட்டது மாதிரி இருக்கிறது. நீ பாடினால்தான் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருக்கிறது. லூசியாவுக்குத் தமிழ் தெரியாது. நாலையும் அனுப்பினேன், யார் யார் என்று சொல்லவில்லை. உன்னுடையதைக் கேட்டுவிட்டு, இவள் எதற்காகவோ காத்திருக்கிறாள் என்று எழுதினாள்.

உன் குரலே இருக்கட்டுமா? பெயர் போட வேண்டாம் என்றால் போடவில்லை. உனக்கு மனமில்லை என்றால் அதுவும் சரி, அண்ணன் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரு வார்த்தை எழுது, போதும். மதர், இது அவளைக் குழப்பும் என்று நீங்கள் நினைத்தால் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வேண்டாம்.

திங்கள்கிழமை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்பு அண்ணன்,
சகாயராஜ்


சேலம்
15 மார்ச் 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்சிலியாவுக்கு. இது டிராயருக்குத்தான் போகும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மா சுகம்.

திங்கள் தபாலில் போட்ட கடிதம் புதன்கிழமைதான் நாமக்கல் சேரும். அந்தப் புதன் சாம்பல் புதன். லூசியாவின் கார்னிவல் எந்த நாளில் முடிகிறதோ அந்த நாளில்தான் நம் தவக்காலம் தொடங்குகிறது, அதற்காகத்தானே அவர்கள் அதற்கு முன்பு ஆடித் தீர்க்கிறார்கள். கோயிலில் வருடா வருடம் அன்றைக்குப் பாட்டு வாசிக்கிற எனக்கு இது உறைக்கவில்லை. கார்னிவல் தாளத்தைக் கோத்துக்கொண்டே தவக்காலத்தை மறந்தவன் இந்த மறைமாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாமியார் நெற்றியில் சாம்பல் பூசும்போதுதான் நாள் கணக்குப் போட்டேன்.

போன வாரம் பஸ் ஏறி உங்கள் கேட் வரைக்கும் வந்தேன். உள்ளே கோழிச் சத்தம் கேட்டது, யாரோ டப்பாவில் தட்டுகிற சத்தமும். மணிக் கயிற்றில் கையை வைத்தேன். அடித்திருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் எனக்காக நீ சரி என்று சொல்லியிருப்பாய். அப்படி ஒரு சரி எனக்கு வேண்டாம். நீ கடைசியாகச் சொன்னது வேண்டாம் என்றுதான். டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உன் குரலை எடுத்துவிட்டேன். வேறு குரல் வைக்க மனம் வரவில்லை. கிட்டார், பூபதி அண்ணன் விரலால் மட்டும் தட்டும் பம்பை, லூசியாவின் குய்க்கா என்ற முனகும் மேளம் எல்லாம் அப்படியே போகிறது. நீ பாடிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எல்லோரும் யாரோ ஒருவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறார்கள், அந்த ஆள் இல்லை. லூசியா இரண்டு தடவை கேட்டாள். பிறகு, சரி, இப்படியே போகட்டும் என்றாள்.

ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. நீ பாடிய அன்றைக்கு அம்மா பூசைக்குப் போயிருந்தாள், அடுப்பில் பால் இருந்தது. நீ பாடி முடித்த கையோடு, “அண்ணா, அடுப்ப நிறுத்தினியா?” என்று கேட்டாய். அது கடைசியில் அப்படியே இருக்கிறது. அது பாட்டு இல்லையே.

27ஆம் தேதி வெளிவருகிறது. ஜெபித்துக்கொள்.

அண்ணன்


நாமக்கல்
7 ஏப்ரல் 2026

இயேசு உயிர்த்தார், அல்லேலூயா.

அன்பு அண்ணாவுக்கும் அம்மாவுக்கும் ஈஸ்டர் வாழ்த்துகள். நான் ரொம்ப ரொம்ப சுகம்.

ஈஸ்டர் அன்று காலை மதர் டிராயரைத் திறந்து எல்லோருக்கும் கடிதங்களைக் கொடுத்தார். எனக்கு இரண்டு. தேதி பார்த்துப் பழையதை முதலில் பிரித்தேன். முடித்ததும் அடுத்ததைப் பிரிக்காமல் நேராகக் கோழிக் கொட்டகைக்குப் போனேன். இருக்கட்டும் அண்ணா, என் குரலே இருக்கட்டும் என்று எழுதிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். அந்தச் சந்தோஷத்தோடு இரண்டாவதைப் பிரித்தேன்.

உன் மேல் கோபம் இல்லை. குரல் போனதற்கும் அழவில்லை. மணிக் கயிற்றில் கையை வைத்துவிட்டுத் திரும்பினாய் என்று படித்தபோது அழுதேன். அந்த டப்பாவில் தட்டியது நான்தான்.

வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று நீ கேட்டதே இல்லை. இப்போது சொல்கிறேன். இங்கே சேர்ந்த பிறகு அந்தப் பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று பயம். அதைத்தான் பிப்ரவரியில் எழுதி அடித்தேன்.

நேற்று மதர் ஆபீஸ் லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். “எட்டு மாசமா எழுத்துலயே கேட்டாச்சு, காதால கேக்க வேண்டாமா?” என்றார். எட்டு மாதம் ஆகவில்லை, அவருக்கு அப்படி இருந்திருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்தோம். நீ எழுதியதைவிடப் பத்து மடங்கு நன்றாக இருக்கிறது அண்ணா. பாலம் ஒன்று சேர்கிற இடத்தில் சமையல் சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிவாரம் மட்டும் நீ எழுதியதுதான் உசத்தி.

ஆறாவது வந்தது. கிட்டார் நாலு சுற்று. பூபதி அண்ணனின் விரல். பிறகு அந்தக் காலி இடம். எல்லோரும் எனக்காக வழி விட்டு நிற்கிற மாதிரி இருந்தது. என் வாய் தானாகத் திறந்தது. முதலில் காற்று மட்டும் விட்டேன், பிறகு பாடினேன்.

“குழாயில மொதல்ல காத்து வரும், காத்துக்குப் பின்னால தண்ணி வரும்...”

கடைசி வரை பாடினேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் ஸ்பீக்கரிலிருந்து நானே, “அண்ணா, அடுப்ப நிறுத்தினியா?” என்று கேட்டேன். சாப்பாட்டு அறையே சிரித்தது. சமையல் சிஸ்டர் நிஜமாகவே எழுந்து அடுப்படிக்கு ஓடினார்.

பயந்தது நடக்கவில்லை. வீட்டுக்கு வரத் தோன்றவில்லை அண்ணா. கோழிக்குத் தீவனம் வைக்க நேரமாகிவிட்டதே என்று தோன்றியது, அதைத் தவிர மனதில் பாரம் ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் மே மாதம் முதல் வார்த்தைப்பாடு எடுத்துக் கன்னியாஸ்திரி ஆகிவிடுவேன். இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் மெதுவாகச் சொல்.

உன் தங்கை,
அக்சிலியா

(இதற்குக் கீழே பென்சிலில், வேறு கையெழுத்தில்)

அன்புள்ள திரு. சகாயராஜ் அவர்களுக்கு, தங்கள் நலனுக்காக ஜெபிக்கிறேன். பிப்ரவரிக் கடிதத்தைச் சாம்பல் புதன் காலையே படித்துவிட்டேன். விதியை மீறி அவளிடம் கொடுக்கலாமா என்று தவக்காலம் முழுவதும் யோசித்தேன். கொடுக்கவில்லை. அதற்கு வருந்துகிறேன். நேற்று தங்கள் தங்கை பாடியதை என் போனில் பதிவு செய்து தங்களுக்கு அனுப்பியிருக்கலாம். போன் மேசையிலேயே இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன், தோன்றவே இல்லை. அதற்கும் வருந்துகிறேன்.

ஆல்பம் மிக நன்று. அடுப்பை நிறுத்தினீர்களா?

— சி. செல்வமேரி


சேலம்
19 ஏப்ரல் 2026

மரியே வாழ்க.

அன்புள்ள அக்சிலியாவுக்கு, மதிப்புக்குரிய மதருக்கு, இங்கே நாங்கள் சுகம். அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவள், எனக்கு அப்பவே தெரியும், உனக்குத்தான் தெரியலை என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

எனக்குத் தெரியாதுதான். நீ திரும்பி வருவாய் என்று ஒரு ஓரத்தில் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பாட்டையும் அவ்வளவு ஆசையாக எழுதியது அதற்கும் சேர்த்துத்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை படித்தேன், நீ பாடுகிற இடத்தை மட்டும். கேட்டது அக்சிலியா. நீ விட்ட காற்றுகூடக் கேட்டது. மதர், நீங்கள் எதற்கும் வருந்த வேண்டாம்.

நீ சரி என்றதை லூசியாவிடம் சொன்னேன். உன் குரலைச் சேர்த்து மறுபடி வெளியிடலாமா என்று கேட்டாள். யோசித்து, வேண்டாம் என்றேன். ரெசிஃபேயில் ஒரு மேடையில் ஆறாவது பாட்டை வாசித்தபோது, அந்தக் காலி இடத்தில் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து தன் பாஷையில் ஏதோ பாடினாளாம். அடுத்த சுற்றில் இன்னொருவர். நீ விட்டுப் போன இடத்தில் இப்போது ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். பூபதி அண்ணனிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் மே மாதம் உன் வார்த்தைப்பாட்டுப் பூசைக்கு நான் கிட்டார் வாசிக்கிறேன். பூபதி அண்ணன் வரட்டுமா என்று மதரிடம் கேட்டுச் சொல். சூடத்துக்கும் சேர்த்து அனுமதி வாங்கு.

கடைசியாக, நீங்கள் இருவரும் கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை, நிறுத்தவில்லை. பால் பொங்கி வழிந்து, அடுப்பு முழுக்கத் தீய்ந்து, அம்மா வந்து திட்டினாள். தீய்கிற வாசனை எனக்கு முதலிலேயே வந்துவிட்டது. நீ பாடிக்கொண்டிருந்தாய், எழுந்து போக மனம் வரவில்லை.

அன்பு அண்ணன்,
சகாயராஜ்